ஆத்தாவுக்கு நேர்ந்துவிட்ட ராக் பாட்டு

பெய்சென் அந்த நண்டை ஆ-குன்னின் ரப்பர் பூட்ஸுக்குள் போட்டபோது, அது ஒரு மணிக்கட்டை முறிக்கப்போகிறது என்று அவளுக்கும் தெரியாது, நண்டுக்கும் தெரியாது. ஏலம் தொடங்க மணி அடித்தார்கள். ஆ-குன் அவசரமாகக் காலை உள்ளே விட்டான். பிறகு ஒற்றைக் காலில் அவன் ஆடிய ஆட்டத்துக்கு மீன்சந்தையே கைதட்டியது. ஐஸ் உருகி ஓடிய தரையில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தான். கை போய் நின்ற கோணத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

அந்த இடத்தில் 'தரை வழுக்கும்' என்று ஒரு மஞ்சள் பலகை நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஏனென்றால் அதை ஆ-குன்னே திருடிக்கொண்டு போய்த் தன் பாட்டுக் குழுவின் ஒத்திகைக் கொட்டகையில் மாட்டியிருந்தான். குழுவுக்குப் பெயரும் அதுதான்: தரை வழுக்கும். தைவானின் கிழக்குக் கரையில், சூவாவ் துறைமுகத்தில் இருந்த ஒரே ராக் குழு. மூன்றே பேர். பெய்சென்னின் அண்ணன் போ-ருய் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான். தவளை என்று ஊர் கூப்பிடுகிற பருத்த பையன் டிரம்ஸ். ஆ-குன் பேஸ் கிட்டார். இப்போது ஆ-குன் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பெய்சென்னின் அம்மா.

அம்மாவும் ஆ-குன்னும் சந்தையில் ஒரே மேசையில் கானாங்கெளுத்தி பிரிக்கிறவர்கள். அம்மா பெய்சென்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வகுப்பு டீச்சரின் ஸ்கூட்டரைச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சக்கரம் முதல் கண்ணாடி வரை சுற்றி வைத்த அன்றுகூட அம்மா வீதி முனை வரைக்கும் கேட்கிற மாதிரி திட்டினாள். பெய்சென் அதை ரசித்துக் கேட்டாள். இன்று அம்மா சும்மா அந்த மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப பிரிப்பாங்களாம்?" என்றாள் அம்மா.

"ஆத்தா பொறந்தநாள் முடிஞ்சு ரொம்ப நாள் ஆகும் அத்தை," என்றான் ஆ-குன். 

அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள்.

"ஒடச்சவ நீதானே? அப்ப வாசிக்கப் போறவளும் நீதான்."

"அம்மா, எனக்கு அது எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதும்மா!"

"நண்ட எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரிஞ்சுதில்ல?"

விஷயம் இதுதான். போன குளிர்காலத்தில் அப்பாவின் படகில் இன்ஜின் செத்துப்போனது. அப்பாதான் அந்தப் படகுக்கு இன்ஜின்காரர். வாடைக்காற்று படகை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது, ரேடியோவும் பேசவில்லை. அந்த நாட்களில் அம்மா கழுவின அரிசிப் பானையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். பெய்சென் அதைப் பின்பக்கக் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். பார்த்ததாக யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் அம்மா மாட்சு ஆத்தா கோவிலுக்குப் போனாள். கடலுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் ஆத்தா. குறி கேட்பதற்கென்று பிறை வடிவில் மரத்தில் செதுக்கிய சிவப்புப் பிறைக்காய் இரண்டையும் கையில் பொத்திக்கொண்டு வேண்டி, தரையில் உருட்டினாள். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் ஆத்தா சரி என்கிறாள். இரண்டும் கவிழ்ந்தால் மாட்டேன். இரண்டும் மல்லாந்தால் ஆத்தா சிரிக்கிறாள், கேள்வி சரியில்லை, ஒழுங்காகக் கேள்.

"உனக்குப் பொம்மலாட்டம் போடறேன் ஆத்தா." கவிழ்ந்தது. "கூத்து வைக்கிறேன்." கவிழ்ந்தது. "பன்னி அடிச்சுப் படைக்கிறேன்." ஆத்தா சிரித்தாள். அம்மாவிடம் வேறெதுவும் மிச்சமில்லை. "என் பையன் சொந்தமா சில பாட்டு வச்சிருக்கான். காது வலிக்கும். அதுல ஒண்ணு வேணா..." என்று இழுத்தபோது, காய் சரி என்றது. மூன்று தரம் உருட்டினாள், மூன்று தரமும் சரி. எந்தப் பாட்டு என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்டதில், இருப்பதிலேயே அதிகமாகக் கத்துகிற 'அலைக்கல்'தான் ஆத்தாவுக்கு வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் வேறொரு படகு அப்பாவின் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

சீன நாள்காட்டியில் மூன்றாம் மாதம் ஆத்தாவின் பிறந்தநாள். அதற்கு மறுநாள் விடியலில் படகு மறுபடி கிளம்புகிறது. நேர்த்திக்கடன் தீராமல் அப்பா படகில் கால் வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா வராவிட்டால் வேறு இன்ஜின்காரனை ஏற்றிக்கொள்வேன் என்று படகுத் தலைவர் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் சொன்னால் சொன்னதுதான். அப்பா நடுவில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தார். இன்ஜின் பக்கத்திலேயே வாழ்ந்து காது பாதி போன மனிதர். அவருக்கு அதில் ஒரு வசதியும் இருந்தது.

*

ஆ-குன் நல்ல கையால் ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

"டேப்லேச்சர். சங்கீதம் தெரியாதவனுக்குன்னே கண்டுபிடிச்சது. நாலு கோடு இருக்கா? பேஸ்ல நாலு கம்பி இருக்கா? கோட்டு மேல எண் இருக்கா? கழுத்துல கட்டம் கட்டமா இருக்கில்ல, அதான் ஃப்ரெட். அந்த எண்ணு ஃப்ரெட்டுல விரல வச்சு மீட்டு. சைபர்னா விரலே வைக்காத, சும்மா மீட்டு. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா? இதுக்கா நீ இத்தன வருசமா முடி வளத்துட்டு அலைஞ்ச?"

"போடி. போய் வாசிச்சிட்டு வந்து பேசு."

பேஸ் கிட்டார் நல்ல சூரை மீன் கனம் இருந்தது. தோளில் மாட்டினால் தோள் இறங்கியது. அப்பா பகலில் தூங்குவார் என்பதால் அவள் அதை ஒயரில் மாட்டாமல், பின்கட்டில் வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். மின்சாரம் இல்லாத பேஸ், ஈரச் சாக்கில் குத்துவது போல் தொப்தொப் என்றது. போனில் பாட்டைப் போட்டுக் கேட்டாள். கிட்டார் கேட்டது, அண்ணனின் கத்தல் கேட்டது. பேஸ் எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சூப்பில் உப்பைத் தேடுகிற மாதிரி இருந்தது.

ஆனால் எண்கள் பிடிபட்டன. சைபர் சைபர் மூணு அஞ்சு, சைபர் சைபர் மூணு ரெண்டு. டெலிபோன் நம்பர் மாதிரி முணுமுணுத்தாள். தொழிற்பள்ளியில் அவளுக்குச் சமையல் பிரிவு. பாதி நாள் பள்ளிக்கூடத்திலும் பாதி நாள் அதன் பின்சுவருக்கு வெளியிலும் படித்தவள். இப்போது முழு நாளும் உள்ளேயே இருந்தாள். சூப் கரண்டியின் காம்பை இடதுகையில் பிடித்து விரல் வைத்துப் பழகினாள்.

"அந்தக் கரண்டிய எதுக்கு நெறிக்கிற?" என்றார் டீச்சர்.

"பாடம் படிக்கிறேன் டீச்சர்."

டீச்சர் பயந்துபோய்த் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

விரல்நுனிகளில் கொப்புளம் வந்து உடைந்தது. மீன் பிரிக்கும் உப்புத் தண்ணீரில் கை வைத்தால் உயிர் போனது. அம்மா அதைப் பார்த்தாள். அன்று மாலை பெய்சென்னின் பங்கு மீனையும் சேர்த்துப் பிரித்துவிட்டு எழுந்து போனாள்.

*

ஒத்திகைக் கொட்டகை ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால். பழைய கப்பல் பெட்டி ஒன்று, அதற்குள் மஞ்சள் பலகை. அன்றுதான் முதல் தடவையாக பேஸை ஆம்ப்ளிஃபையரில் மாட்டினாள். தாள் முழுக்க மனப்பாடம். தவளை குச்சியைத் தட்டி எண்ணினான்.

வாசித்தாள். நாலு வரி கூடப் போகவில்லை. தவளை நிறுத்தினான்.

"ஐஸ் ஃபேக்டரில கம்ப்ரசர் ரிப்பேரா?"

"என்னடா?"

"இல்ல, ஏதோ அழுவுற மாதிரி..."

மறுபடி தொடங்கினார்கள். போ-ருய் பாதியில் கிட்டாரிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளையே பார்த்தான். அவள் வாசிக்கிற எண்ணெல்லாம் சரி. விரல் வைக்கிற ஃப்ரெட்டெல்லாம் சரி. கேட்கிறது மட்டும் நாய்ச்சண்டை. மூலையில் உட்கார்ந்திருந்த ஆ-குன் முதலில் இருமினான். அப்புறம்தான் அது இருமல் இல்லை, சிரிப்பு என்று தெரிந்தது.

"தலைகீழா! மொத்தத்தையும் தலைகீழாப் படிச்சிட்டு வந்திருக்கா!"

பேஸைத் தோளில் மாட்டினால் தடித்த கம்பி மேலே, மோவாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் தாளிலும் மேல்கோடுதான் தடித்த கம்பி என்று அவள் எடுத்துக்கொண்டாள். தாளில் அது அடிக்கோடு. அடியில் ஒலிக்கிறது அடியில், கீச்சென்கிறது மேலே.

"எந்த மடையன்டா இப்படி எழுதுனது?"

"உலகமே இப்படித்தான்டி எழுதுது."

"நீ ஏன் மொதல்லயே சொல்லல? மறந்துட்டியா?"

ஆ-குன் மாவுக்கட்டைச் சொறிந்தான். "மறக்கல."

தவளை டிரம்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"நீ நண்டு விட்ட, நான் கோட்ட விட்டேன். நீ ஒரு நாள்ல காதால கேட்டுக் கண்டுபிடிச்சிருவன்னு நெனச்சேன். நீ ஒயர் மாட்டாம ஊமையா வாசிப்பன்னு எனக்கென்ன கனவா வரும்?"

போ-ருய் எழுந்தான். அவன் கை ஓங்கி ஆ-குன்னின் சட்டைக் காலரில் நின்றது. "எங்கப்பா கடலுக்குப் போறார்டா. வெளையாட்டா இது?"

"அண்ணே, விடு," என்றாள் பெய்சென். அவளுக்குக் கோபமே வரவில்லை. செய்யப்பட்ட விதத்தில் அது சுத்தமான குறும்பு, அவளே செய்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள். ஆனால் திருவிழாவுக்கு இருந்த நாட்களில் பாதி போய்விட்டன. விரல்களுக்குத் தெரிந்ததெல்லாம் தப்பு.

அன்றிலிருந்து ஆ-குன் தினமும் மாலையில் அவர்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தான். அவனும் பயந்துபோயிருந்தான். தெரியாததைக் கற்றுக்கொடுக்கலாம், தப்பாகத் தெரிந்ததை எடுப்பதற்குத்தான் உயிர் போகிறது. மூணு அஞ்சு என்று சொன்னால் விரல் தானாக மெலிந்த கம்பிக்கு ஓடியது.

"அடியில! அடியில! தடிச்சதுல!"

"கத்தாத. அப்பா தூங்குறார்."

"உங்கப்பாவுக்கு இடி விழுந்தாலே கேக்காது. அடி! இன்னும் பலமா அடி. ஆனா கம்பிய அறுத்துராத தாயே, மாத்துக் கம்பி வாங்க தைபே போகணும்."

அவளுக்கு பலமாக அடிக்கத்தான் வந்தது. திருவிழாவுக்கு முதல் நாள், முழுப் பாட்டையும் ஒரு தப்பில்லாமல், ஆத்திரத்தோடு அடித்து முடித்தாள். ஆ-குன் வறுத்த மீன்உருண்டை ஒரு குச்சி வாங்கிவந்து கொடுத்தான். அவள் அதைப் பிய்த்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் தின்றாள்.

*

பிறந்தநாள் அன்று ஊரே புகை. பல்லக்கு போகிற தெருவெல்லாம் வாசலுக்கு வாசல் சரவெடி. பல்லக்குத் தூக்குகிறவர்களில் போ-ருய்யும் ஒருத்தன். அப்பா உயிரோடு வந்த வருஷம், மாட்டேன் என்று சொல்ல முடியுமா? காலையிலிருந்து சாயங்காலம் வரை வெடிப்புகையைக் குடித்துக்கொண்டு, "வழி விடு, ஆத்தா வர்றா!" என்று கத்திக்கொண்டே நடந்தான்.

கோவிலுக்கு நேர் எதிரே மேடை. ஜனங்களைப் பார்த்து இல்லை, ஆத்தாவைப் பார்த்து. ஜனங்கள் நடுவில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெய்சென் மேடைக்குப் பின்னால் பேஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் பல்லக்கை இன்னொருத்தன் தோளுக்கு மாற்றிவிட்டு வந்தான். முகமெல்லாம் கரி. வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"வெளையாடாத," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கண்ணில் நீர். புகையாலா வேறெதாலா என்று அவள் கேட்கவில்லை. வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றான். அடிக்குரல் கரகரவென்று வந்தது. 'அலைக்கல்'லின் நடுவில் மேலே ஏறிக் கத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே போனதும் குரல் அறுந்துபோனது.

அம்மா செய்தி கேட்டு ஓடிவந்தாள். நேராகக் கோவிலுக்குள் போய்ப் பிறைக்காயை எடுத்தாள். கோவில் பொறுப்பாளர் லியாவ் பெரியப்பா பக்கத்தில் நின்றார். "வேற பாட்டு பாடட்டுமா ஆத்தா? மெதுவா ஒண்ணு இருக்கு, நல்லா இருக்கும்." காய் உருண்டது. இரண்டும் மல்லாந்தன. ஆத்தா சிரித்தாள். மறுபடி உருட்டினாள். மறுபடி சிரிப்பு. மூன்றாவது தரம் இரண்டும் கவிழ்ந்தன.

"ஒத்துக்க மாட்டேங்குறாம்மா," என்றார் லியாவ் பெரியப்பா. "கேட்டதக் குடுத்துரு. பொம்மலாட்டக்காரன் அடுத்து மேடைக்குக் காத்துட்டிருக்கான். பாதிப் பெட்டி இப்பவே எறக்கிட்டான்."

அம்மா காய்களைத் தட்டில் திருப்பி வைத்தாள். கூடவே வந்திருந்த பெய்சென் மேடைக்குத் திரும்பினாள்.

"சுருதிய எறக்கு," என்றான் தவளை. "ரெண்டு ஃப்ரெட் எறக்குனா எட்டும்ல?"

போ-ருய் கிட்டாரில் கையை இரண்டு கட்டம் தள்ளி வைத்து மெல்ல முனகிப் பார்த்தான். எட்டியது. கிழிந்துபோய், தொங்கிக்கொண்டு, ஆனால் எட்டியது. மூன்று பேரும் பெய்சென்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆ-குன் தாளைப் பிடுங்கினான். "சரி, எல்லா எண்ணுலயும் ரெண்டு கழி. அஞ்சு மூணாகும். மூணு ஒண்ணாகும். ரெண்டு சைபர் ஆகும்."

"அப்ப சைபர் என்ன ஆகும்?"

அவன் தாளைக் கண்ணருகே கொண்டுபோனான். தாளில் பாதிக்கு மேல் சைபர். தடித்த கம்பியின் சைபர்தான் அந்தப் பாட்டுக்கே தரை. அதற்குக் கீழே ஃப்ரெட் கிடையாது, மரம்தான் இருக்கிறது.

"அடுத்த கம்பில, மேல போய், வேற இடத்துல..." அவன் முனகினான். "எனக்குன்னா தெரியும். விரல் தானாப் போகும். உனக்கு எப்படிடீ இப்ப சொல்லுவேன்?"

அவளுக்கு அந்த ஒலிகளின் பெயர்கள்கூடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் எண்கள். அந்த எண்களையும் ஒருமுறை தலைகீழாகக் கற்று, பிடுங்கி நட்டிருந்தாள். இப்போது மறுபடி பிடுங்கினால் ஒன்றும் மிஞ்சாது. வெளியே அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், நாளைக்குப் போட வேண்டிய ரப்பர் பூட்ஸோடு. படகில் வேலை பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார்.

கோவில் வாசலில், ஊர் சுற்றி வந்த உற்சவ ஆத்தாவின் பல்லக்கு உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. வாசல் உத்தரம் தாழ்வானது. ஒவ்வொரு வருஷமும் அதே சிக்கல்தான். யாரும் உத்தரத்தை இடிப்பதில்லை, பல்லக்கைச் சாய்ப்பதுமில்லை. "மடக்கு!" என்று ஒருத்தர் குரல் கொடுத்ததும் தூக்குகிற எல்லோரும் ஒரே நேரத்தில் முழங்காலை மடக்கினார்கள். ஆத்தா ஆடாமல் அசையாமல் அப்படியே இறங்கி உள்ளே போனாள்.

பெய்சென் பேஸின் தலையைப் பிடித்தாள்.

"இந்தத் திருகத் திருப்புனா கம்பி தளரும்ல?"

"தளரும்."

"நாலையும் ரெண்டு ரெண்டு ஃப்ரெட் அளவு தளத்திட்டா? எண்ண எதுக்கு மாத்தணும்? எண்ணு அப்படியே இருக்கட்டும். கம்பி முழங்கால மடக்கட்டும்."

ஆ-குன் அவளை ஒரு கணம் பார்த்தான். "ஈர நூடுல்ஸ் மாதிரி தொங்கும்டி. நீ அடிக்கிற அடிக்கு ஃப்ரெட்டுல மோதிக் கரகரன்னு அழும்."

"அடிக்கலன்னா?"

"அடிக்கலன்னா பாடும். உனக்கு அடிக்காம வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது. திருகு."

பேஸின் தலையில் மாட்டுகிற, சுருதி காட்டும் சின்ன டியூனர், மரத்தின் அதிர்வைப் பிடிக்கிற வகை. வெடிச் சத்தத்துக்கு நடுவிலும் அது காட்டியதைப் பார்த்து, ஆ-குன் ஒற்றைக் கையால் ஒவ்வொரு திருகாக இறக்கினான். அவள் மீட்டிக்கொண்டே இருந்தாள். தடித்த கம்பி இறங்க இறங்க, அதன் ஒலி காதிலிருந்து வயிற்றுக்குப் போனது. லியாவ் பெரியப்பா மைக்கில் குழுவின் பெயரைச் சொன்னார். "தரை வழுக்கும்" என்று கேட்டதும் முன்வரிசைப் பாட்டிமார் பயந்து காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

*

தவளை குச்சியைத் தட்டினான்.

சைபர் சைபர் மூணு அஞ்சு. அவள் தொட்டாள். அடிக்கவில்லை, தொட்டாள். தூங்குகிறவர் மேலிருந்து போர்வையை எடுக்கிற மாதிரி. கம்பி தளதளவென்று ஆடியது, ஆனால் அழவில்லை. கை முழுக்க அடிக்கத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக மீட்டினாள். மெதுவாக வாசிப்பதற்குத்தான் இவ்வளவு பலம் வேண்டும் என்று யாரும் தாளில் எழுதியிருக்கவில்லை. காலடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே முதல் பாதியைத் தாண்டினாள். அண்ணனின் குரல் மணல் மாதிரி வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் பாதியில் எவனோ ஒரு பக்தன், சந்தோஷம் தாங்காமல், மேடைக்குக் கீழேயே ஒரு முழுச் சரத்தைக் கொளுத்திப்போட்டான்.

உலகம் வெள்ளையாகிவிட்டது. காது அடைத்தது. சிவப்புக் காகிதத் தூள் பறந்தது, அதோடு ஒட்டியிருந்த தாளும் பிய்த்துக்கொண்டு பறந்தது. எண்ணிக்கொண்டு வந்தது அறுந்துபோனது. மூணா? ரெண்டா? எத்தனையாவது வரி? விரல் காற்றில் நின்றது. புகைக்குள் அம்மாவின் நீலச் சட்டை மட்டும் தெரிந்தது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள்.

இடதுகையை எடுத்துவிட்டாள் பெய்சென். சைபர். விரலே வேண்டாத எண் அது ஒன்றுதான். தடித்த கம்பியை வெறுமனே மீட்டினாள். காது கேட்கவில்லை, தவளையின் கால்டிரம் பலகை வழியாக உள்ளங்காலில் குத்தியது. அந்தக் குத்துக்கு ஒரு சைபர். அடுத்த குத்துக்கு ஒரு சைபர். மெதுவாக. போ-ருய்யும் வழி தவறிப்போய்ப் பாட்டை நிறுத்திவிட்டு, கிட்டாரைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான். அவள் சைபரிலேயே நின்றாள். ஊரில் யாருக்கும் அது தப்பு என்று தெரியவில்லை. பாட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்திருக்கிறது என்று நினைத்தார்கள்.

மேடை ஓரத்தில் ஆ-குன் மாவுக்கட்டுக் கையைத் தலைக்கு மேல் தூக்கினான். உதடு அசைந்து எண்ணியது. பிறகு அந்தக் கையைக் கோடரி போல் கீழே இறக்கினான்.

மூன்று பேரும் ஒன்றாகப் பாட்டுக்குள் விழுந்தார்கள். அண்ணன் வாயைத் திறந்தான். அந்த உயர்ந்த இடத்துக்குக் குரல் ஏறியது. கிழிந்தது, ரத்தம் வருகிற மாதிரி கரகரத்தது, ஆனால் அறுந்து விழவில்லை. கீழே சைபர் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. கடைசி ஒலி நின்றபோது பெய்சென்னின் விரல்நுனியிலிருந்து ரத்தம் கம்பியில் இறங்கியிருந்தது. அவ்வளவு மெதுவாக வாசித்தும்.

கைதட்டலுக்கு அம்மா நிற்கவில்லை. பிறைக்காயோடு ஆத்தா முன்னால் மண்டியிட்டுவிட்டாள். பெய்சென் பேஸோடேயே ஓடிவந்து பின்னால் நின்றாள்.

"நேந்தது தீந்துச்சா ஆத்தா?"

உருட்டினாள். இரண்டும் மல்லாந்தன. சிரிப்பு.

"சரியாக் கேளும்மா," என்றார் லியாவ் பெரியப்பா. "இன்னும் அந்தச் சரவெடிய நெனச்சுச் சிரிச்சுட்டிருக்காளோ என்னமோ."

அம்மா காய்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மறுபடி உருட்டினாள். ஒன்று விழுந்து மல்லாந்தது. மற்றொன்று நிற்காமல் சுழன்றுகொண்டே போய், பெய்சென்னின் செருப்பில் முட்டி, கவிழ்ந்து படுத்தது.

சரி.

அம்மா நெற்றியைத் தரையில் வைத்துக் கொஞ்ச நேரம் எழவே இல்லை. அப்பா வந்து அவள் பக்கத்தில் குந்தினார்.

"உங்களுக்குக் கேட்டுச்சாப்பா?" என்றாள் பெய்சென்.

"பாட்டா? கேக்கல." அப்பா பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "நீ வாசிச்சது நாற்காலி வழியா வந்துது. இடுப்புல. நடுவுல எல்லாம் நின்னு போச்சே, அப்பவும் வந்துட்டே இருந்துது. இன்ஜின் சரியா ஓடுச்சு."

*

விடியலில் படகுத்துறையில் அம்மா ஆத்தாவின் காப்புத்துணியை அப்பா கழுத்தில் மாட்டினாள். அப்பா ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொள்ளும் முன் இரண்டையும் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. உள்ளே கையை விட்டும் துழாவினார். மகளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லியா?"

"என்னப்பா ஒண்ணும் இல்லியா? நான் திருந்திட்டேன்."

அப்பா நம்பாமல் படகில் ஏறினார். கயிறு அவிழ்ந்தது. இன்ஜின் கனைத்தது, பிடித்துக்கொண்டது. பெய்சென் கட்டுப்போட்ட விரல்களைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, படகு அலைதடுப்புக் கற்களைத் தாண்டுகிற வரை அசையாமல் நின்றாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அம்மா போகலாம் வா என்றாள். அவள் நகரவில்லை.

கடைசிக் கல்லையும் தாண்டிய பிறகு, தண்ணீர் மேல் அந்த அலறல் வந்தது. நீண்ட, உயிருள்ள, நன்றாகப் பழக்கமான அலறல். கூடவே படகுக்காரர்களின் சிரிப்பு.

"என்னடி பண்ணித் தொலச்ச?"

"அப்பா மழைக்கோட்டுப் பையில ஒரு நண்டும்மா." அவள் திரும்பி நடக்கத் தொடங்கினாள். "பயப்படாத. ரெண்டு கொடுக்கையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டித்தான் வச்சேன்."